நாட்காட்டித் தாள், பழைய நாளிதழ் கொலாஜ்: பலகை வளையுது, சுருங்குது, பூஞ்சை பிடிக்குது

ஜெலுத்தோங்_காகிதம் | பினாங்கு | சனி, காலை 10.20

வணக்கம். ஆறு பேர் சேர்ந்து கொலாஜ் (தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்) பரிமாற்றம் செய்கிறோம். ஒருவர் ஆரம்பித்த பலகையை அடுத்தவர் முடிப்பார். மொத்தம் 12 பலகை, எல்லாமே ஏ5, 2 மில்லிமீட்டர் சாம்பல் அட்டை. ஒட்டியது தினசரி கிழிக்கும் நாட்காட்டித் தாள், பழைய தமிழ் நாளிதழ், கல்யாணப் பத்திரிகை. பசை, பிவிஏ (கடையில் விற்கும் வெள்ளைப் பசை) பாதி தண்ணீர் பாதி.

இப்போதைய நிலைமை: எல்லாப் பலகையும் ஒட்டிய பக்கமாகக் குழிந்துவிட்டது. நாளிதழ்த் துண்டுகளில் வரிவரியாகச் சுருக்கம். நாட்காட்டித் தாளில் பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிகிறது. நான்கு பலகையின் ஓரத்தில் சாம்பல் பச்சையாகப் புள்ளிகள். பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கி வைத்திருந்தோம். இவற்றைக் காப்பாற்ற முடியுமா? அடுத்த சுற்றில் எதை மாற்ற வேண்டும்?

பசைக்கிண்ணம் | கோலாலம்பூர் | சனி, காலை 11.05

தம்பி, நீங்கள் சொன்ன நாலுக்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர்.

காகிதம் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை தடவின கையோடு அட்டையில் வைத்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே விரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டில் நகர முடியாது, அதனால் மேலே எழும்பும். நீங்கள் பார்க்கும் வரிவரிச் சுருக்கம் அதுதான். பிறகு காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும், பலகை குழியும்.

சுருக்கத்துக்கு மருந்து காத்திருப்பது. பசை தடவியதும் தாளை மேசையிலேயே விடுங்கள். முதலில் ஓரம் சுருண்டு எழும்பும். கொஞ்ச நேரத்தில் தளர்ந்து ஈரத்துணி மாதிரி படுத்துவிடும். அப்போதுதான் எடுத்து ஒட்ட வேண்டும். நாளிதழுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். 80 கிராம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை) எழுதுதாளுக்கு இரண்டு நிமிடம். பளபளப்பான வார இதழ்த் தாளில் களிமண் பூச்சு இருப்பதால் ஈரம் மெதுவாகத்தான் இறங்கும், இன்னும் கொஞ்சம் விடுங்கள். கடிகாரத்தைவிடத் தாளைப் பார்ப்பதுதான் சரி.

வளைவுக்கு எதிர்த்தாள். முன்னால் ஒட்டியது எவ்வளவு இழுக்குமோ அதே அளவு பின்னாலும் ஒரு தாள் இழுக்க வேண்டும். அதே கனம், அதே பசை, அதே இழைத் திசை, முடிந்தால் அதே நாள். முன்னால் மூன்று நாலு அடுக்கு ஏறியிருந்தால் பின்னால் ஒரு நாளிதழ்த் தாள் ஈடு கொடுக்காது, 100 கிராம் தாள் போடுங்கள்.

பசையில் பாதி தண்ணீர் ரொம்ப அதிகம். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். நிதானமாக நகர்த்தி ஒட்ட நேரம் தேவையென்றால் தண்ணீர் சேர்ப்பதைவிட மெத்தில் செல்லுலோஸ் கரைசல் சேர்ப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள், ஓர் இரவு ஊறவிட்டால் கூழாகிவிடும். அதில் 40 பங்கு, பிவிஏ 60 பங்கு.

மையும்_தாளும் | ஈப்போ ரோடு, கோலாலம்பூர் | சனி, நண்பகல் 12.40

அக்கா சொன்ன இழைத் திசையைப் பற்றிக் கூடுதலாக ஒரு விஷயம். இது புரியாமல் எதிர்த்தாள் ஒட்டினால் பலகை முறுக்கிக்கொள்ளும், நாலு மூலையில் இரண்டு மேலே, இரண்டு கீழே.

நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நூல் பிடித்த மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் பல் பல்லாகப் போகும். அச்சு இயந்திரத்தில் தாள் ஓடிய திசையில்தான் இழை படுத்திருக்கிறது. இழையின் நீளவாட்டில் காகிதம் கொஞ்சம்தான் விரியும், குறுக்குவாட்டில் பல மடங்கு. மற்றத் தாள்களுக்கு, விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். குழாய் மாதிரி சுருளும். அந்தக் குழாய் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அதுதான் இழை. பலகையில் பெரிய துண்டுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். சின்னச் சின்னத் துண்டுகளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, ஒன்றின் இழுப்பை இன்னொன்று சமன் செய்துவிடும்.

நாட்காட்டித் தாளுக்கு வருகிறேன். அது மிக மெல்லியது. ஈரமானதும் இழைகளுக்கு இடையில் இருந்த காற்று போய்விடும், தாள் கண்ணாடி மாதிரி ஆகும், பின்பக்க அச்சும் அடியில் உள்ள அட்டையின் சாம்பல் நிறமும் மேலே வரும். இரண்டு வழி உண்டு. ஒன்று, தாளின் பின்பக்கம் வெள்ளை அக்ரிலிக் பூச்சைத் தண்ணீர் கலக்காமல், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மெல்லிசாக ஒரு தடவை பூசிக் காயவிட்டு ஒட்டுவது. இரண்டு, முதலில் ஒரு வெள்ளைத் தாளோடு இதைச் சேர்த்து ஒட்டிக் காயவைத்து, பிறகு இரட்டைத் தாளாக வெட்டுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வெட்டும் விளிம்பு கூர்மையாக வரும், சின்ன எழுத்துகளைச் சுற்றி வெட்டினாலும் தாள் பிய்யாது. ராகு காலம், எமகண்டம், குளிகை என்று அந்தச் சின்னக் கட்டங்களைத் தனித்தனியாக எடுக்க வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகை 250, 300 கிராம் அட்டையாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும். தோலுரிக்க வேண்டும். மூலையில் 11ஆம் எண் கூர்நுனிப் பிளேடின் நுனியைத் தட்டையாக நுழைத்து அட்டையை இரண்டு ஏடாகப் பிரியுங்கள். பிரிந்ததும் அச்சுள்ள பக்கத்தைத் தட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடி ஏட்டை ஒரு பென்சிலில் சுற்றியபடி இழுங்கள். மேல் ஏட்டை இழுத்தால் தங்க முலாம் வெடிக்கும். முலாம் உள்ள இடத்தில் பிவிஏ மேலிருந்து தடவினால் பிடிக்காது, உரிந்துவிடும்.

ஜெலுத்தோங்_காகிதம் | சனி, மதியம் 2.15

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. மெத்தில் செல்லுலோஸ் கிடைக்காவிட்டால் மைதா கஞ்சி போடலாமா? அழுத்தி வைக்கும்போது பலகை மேலே உள்ள தாளோடு ஒட்டிக்கொள்கிறது, அதற்கு எதை இடையில் வைப்பது?

கஞ்சிப்பசை | பட்டர்வொர்த் | சனி, மாலை 4.30

மைதா வேண்டாம். அதில் மாவுச்சத்தோடு புரதமும் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது விருந்து. ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மைதாவில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலப்பார்கள், பூச்சி வராது. அது நஞ்சு, தாமிரம் காகிதத்தையும் நாளடைவில் நொறுங்க வைக்கும். அதையும் செய்ய வேண்டாம்.

புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்து வேண்டும். சீனர்கள் இறால் கொழுக்கட்டைக்கு மேல்மாவு செய்வார்களே, பளிங்கு மாதிரி தெரியுமே, அந்த மாவுதான். கேக் சாமான் கடையில் தாங் மியன் மாவு என்று கேளுங்கள். ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர். வடிகட்டிய தண்ணீராக இருக்கட்டும். அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், திடீரென்று கெட்டியாகும், அங்கே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வெள்ளை மறைந்து கண்ணாடிப் பதம் வரும்வரை 20 நிமிடமாவது கிளற வேண்டும். பச்சை வாடை போனால்தான் ஒட்டும் சக்தி முழுதாக வரும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து எடுங்கள். பயன்படுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மோர் விட்ட தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ப்பெட்டியில் கீழ்த்தட்டில் ஒரு வாரம் தாங்கும். உறையவிட்டால் தண்ணீர் பிரிந்து வீணாகும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

இதன் பெரிய நன்மை, தண்ணீர் வைத்தால் திரும்பப் பிரியும். பிவிஏ காய்ந்தால் பிரியாது. பரிமாற்றப் பலகையில் அடுத்தவருக்கு ஒரு துண்டை நகர்த்தவோ எடுக்கவோ இடம் வேண்டும் என்றால் முதல் அடுக்கு கஞ்சியாக இருப்பது மரியாதை.

அழுத்த: அட்டைப்பலகை, மை உறிஞ்சும் தாள், சிலிக்கோன் பூச்சுள்ள, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள், கொலாஜ், மறுபடி பேக்கிங் தாள், உறிஞ்சுதாள், பலகை. மேலே ஏ5 அளவுக்கு 4 கிலோ, அரிசிப் பையே போதும். மெழுகுத்தாள் வேண்டாம், மெழுகு கறை ஏறும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், ஈரம் போக வழியில்லை. 15 நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை, பிறகு 24 மணி நேரம் அப்படியே. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த அந்த நாலு பலகையும் குளிர்ச்சி போகுமுன் உறைக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பசைக்கிண்ணம் | சனி, மாலை 5.10

கஞ்சிப்பசை சொன்ன கன்னச் சோதனையை எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பற்றி. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றாலே அது முளைக்கும். நமக்கு வருடம் முழுக்கச் சராசரியே 80ஐ ஒட்டித்தான். ஆகவே பூஞ்சை வித்து இல்லாத தாள் என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை, காய்ந்த தாளும் காற்றோட்டமும்தான் காப்பு.

பிடித்த நாலையும் முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, வித்து பரவி இழைக்குள் இறங்கும். ஏர்கான் ‘டிரை’ முறையில் ஓடும் அறையில் இரண்டு நாள் விரித்துக் காயவையுங்கள். பூஞ்சை தூளாகக் காய்ந்ததும், என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். கறை இருக்கும். இருக்கட்டும். குளோரோக்ஸ் வைத்து வெளுக்க நினைக்க வேண்டாம், காகிதம் நொறுங்கும்.

வெள்ளிப்பூச்சி வந்த பழைய தாளைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். உடனே திறந்தால் தாள் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஓரக்கிழிசல் | ஜார்ஜ் டவுன் | சனி, இரவு 9.00

எப்படி ஒட்டுவது என்று எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். எதை வெட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. “பழைய தமிழ் நாளிதழ்” என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பழையது?

தமிழ் நேசன் நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. இனி ஒரு தாள்கூட அச்சாகப் போவதில்லை. தோட்டத்துச் செய்தி, கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளிக்கூட முடிவுகள், மரண அறிவித்தல் எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் சில சமயம் கட்டாகக் கிடைக்கும் தமிழ் இதழ்களை வெட்டுத்தாளாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வளர்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓர் இதழை வெட்டும் முன் அதன் ஆண்டைப் பாருங்கள். 1980க்கு முந்தியது என்றால் கத்தியைக் கீழே வையுங்கள். முழு இதழாக இருந்தால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாதிரி இடத்தில் அவர்களுக்குத் தேவையா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெட்டுக்கத்தி | பிரிக்ஃபீல்ட்ஸ் | சனி, இரவு 10.25

ஓரக்கிழிசல், மரியாதையோடு மாறுபடுகிறேன். கொலாஜ் என்ற சொல்லே பிரெஞ்சில் ஒட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் எண்ணெய்த் துணியையும் சுவர்த்தாளையும் படத்துக்குள் கொண்டுவந்தபோது நடந்தது இதுதானே, உலகத்தின் ஒரு துண்டு அப்படியே சித்திரத்துக்குள் உட்கார்ந்தது. ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் பொறுக்கிய டிராம் டிக்கெட்டை ஒட்டினார், டிக்கெட்டின் படத்தை ஒட்டவில்லை. மஞ்சளேறிய தாளின் தடிப்பு, ஈய அச்செழுத்து அழுந்திய பள்ளம், இவை நகலில் வராது. லேசர் அச்சுத்தாள் பக்கத்தில் வைத்தால் உயிரில்லாமல் தெரியும். எல்லாவற்றையும் நகலெடுத்துத்தான் ஒட்ட வேண்டும் என்றால் கணினியிலேயே செய்துவிடலாம்.

ஓரக்கிழிசல் | சனி, இரவு 11.10

நல்ல எடுத்துக்காட்டு சொன்னீர்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். ஷ்விட்டர்ஸ் ஒட்டிய டிக்கெட் அன்று தெருவெல்லாம் கிடந்தது. இன்னொரு ஜெர்மன் கலைஞர் ஹான்னா ஹோக் 1919இல் வெட்டிய பெர்லின் வார இதழ்கள் வாரம் லட்சக்கணக்கில் அச்சானவை. அவர்கள் மிகுந்து கிடந்ததை வெட்டினார்கள். நம் கையில் இருப்பது ஒருவேளை மிஞ்சிய ஒரே பிரதி. இரண்டும் ஒரே செயல் இல்லை.

இங்கேயே பாருங்கள். மலேசிய ஓவியர் ரெட்ஸா பியதாசா 1980களில் ‘மலேசியத் தொடர்’ செய்தபோது பழைய ஸ்டூடியோக் குடும்பப் படங்களைப் பட்டுத்திரை அச்சாக மாற்றிப் பயன்படுத்தினார். மூலப்படம் மூலப்படமாகவே இருந்தது, வண்ணமும் ஒட்டும் சேர்ந்து புதிய ஒன்று பிறந்தது. இன்னொரு மலேசிய ஓவியர் இஸ்மாயில் ஸைன் 1988இல் ‘டிஜிட்டல் கொலாஜ்’ என்றே பெயர் வைத்துக் கண்காட்சி செய்தார், டாலஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் குடும்பத்தை மலாய் வீட்டின் முன் நிறுத்தினார். கணினியில் செய்ததால் அது உயிரில்லாமல் போகவில்லை. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1973லிருந்தே ஆவணப் புகைப்படத்தையும் செய்தியையும் படைப்புக்குள் கொண்டுவந்தவர். நம் வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது, பரிமாற்றம் செய்கிற இளையவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

நேற்றைய மக்கள் ஓசை நாளிதழை வெட்டுங்கள், போன வருட நாட்காட்டியை வெட்டுங்கள், தள்ளுபடித் துண்டறிக்கையை வெட்டுங்கள். தாராளமாகக் கிடைக்கிறது.

மையும்_தாளும் | ஞாயிறு, காலை 8.30

வெட்டுக்கத்தி சொன்ன “உயிரில்லாமல் தெரியும்” என்பது உண்மை, ஆனால் அது நகலின் குற்றமில்லை, நகலெடுக்கும் முறையின் குற்றம். கடையில் கொடுத்தால் இயந்திரம் தானாகவே மஞ்சளை வெளுத்து, எழுத்தைக் கறுப்பாக்கி, பளீர் வெள்ளைத் தாளில் கக்கும்.

600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில் ஸ்கேன். தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணையுங்கள். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், பின்பக்க அச்சு தெரிவது பெரிதும் குறையும். அச்சுப்படம் முழுக்கப் புள்ளித் திரை, அதை ஸ்கேனரின் கட்டத்தோடு சேர்த்தால் அலைக்கோடு வரும். புள்ளி வேண்டாமென்றால் ஸ்கேன் மென்பொருளில் ‘டிஸ்கிரீன்’ போடுங்கள். புள்ளி வேண்டுமென்றால் 1200இல் எடுத்து நான்கு மடங்கு பெரிதாக்குங்கள், புள்ளியே உருவமாகும், அது மூலத்தை வெட்டினால் கிடைக்கவே கிடைக்காத ஒன்று.

மஞ்சளை அச்சிடாதீர்கள். படத்தில் தாளின் நிறத்தை நீக்கிவிட்டு, பூச்சில்லாத, அமிலமற்ற, தந்தநிற 80 கிராம் தாளில் எழுத்தை மட்டும் அச்சிடுங்கள். நிறம் தாளிலேயே இருக்கும், மைக்குக் கீழே. தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்குவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அமிலத்தைச் சேர்க்கிறோம். நாளிதழ் ஏன் பழுக்கிறது என்றால் மரத்தை அரைத்த கூழில் லிக்னின் அப்படியே இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகி அமிலம் விடும், பக்கத்துத் தாளையும் பழுக்க வைக்கும். அதே வேலையை நாமே செய்துகொடுக்க வேண்டாம்.

இங்க்ஜெட் வேண்டாம், லேசர்தான். இங்க்ஜெட்டில் சாயமை இருந்தால் பசையின் ஈரத்தில் கரையும், கறுப்பைச் சுற்றி ஊதா வளையம் வரும். லேசர் மை உருகிய பிளாஸ்டிக், தண்ணீருக்கு அசையாது. ஆனால் அதற்கு இரண்டு எதிரி. ஒன்று சூடு, மேலே இஸ்திரிப்பெட்டி வைக்காதீர்கள். இன்னொன்று பிவிசி உறை. மலிவான பிளாஸ்டிக் உறையில் லேசர் நகலை ஒரு மாதம் வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வரும். பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள். கசக்கினால் சலசலவென்று சத்தம் போடும், நாற்றம் இருக்காது. பிவிசி கொழகொழவென்று இருக்கும், புது மழைக்கோட்டு வாடை அடிக்கும்.

கார் நிறுத்தச் சீட்டு, கடை ரசீது இரண்டையும் கண்டிப்பாக நகலெடுங்கள். அது வெப்பத்தாள், மங்கிவிடும்.

வெட்டுக்கத்தி | ஞாயிறு, காலை 10.05

தாளின் நிறத்தை நீக்கிவிட்டுத் தந்தநிறத் தாளில் அச்சிடுவது, ஏற்றுக்கொள்கிறேன், அது வேறு மாதிரிதான் இருக்கும். ஈய எழுத்தின் பள்ளம் இல்லை என்பதில் இன்னும் நிற்கிறேன். அந்தப் பள்ளம் வேண்டுமென்றால் பழைய கல்யாணப் பத்திரிகையிலும் திருவிழா அழைப்பிதழிலும் உண்டு, அவை வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாக இருக்கின்றன.

கிழிசலுக்கும் நகல்தாளுக்கும் ஒரு குறிப்பு. தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை உள்விளிம்பு தெரியும், மற்றதில் தெரியாது. கையின் திசையை மாற்றினால் வெள்ளையும் இடம் மாறும். வீண் தாளில் இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்து, எந்தத் துண்டு வேண்டுமோ அதற்கேற்ப இழுங்கள். இழையோடு கிழித்தால் அமைதியான கோடு, குறுக்கே கிழித்தால் மலைமுகடு. கத்தியை விடக் கையில் பேசத் தெரிந்தவர்களுக்கு இதுதான் முக்கியக் கருவி.

கத்தி என்றால் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு நாளிதழை வெட்டாது, இழுக்கும். வளைவுகளில் கத்தியைத் திருப்பாதீர்கள், கத்தி நிற்கட்டும், தாள் சுழலட்டும். உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகளை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க இடமிருக்காது.

கஞ்சிப்பசை | ஞாயிறு, காலை 11.20

நாட்காட்டி என்றதும் சாமிப் படம் வரும். இதை யாராவது சொல்ல வேண்டும். பலகை ஆறு வீட்டுக்குப் போகிறது, ஆறு பேரின் அம்மாவும் பார்ப்பார்கள். தெய்வத்தின் முகத்தில் கத்தி வைப்பது, உருவத்தைப் பாதியில் வெட்டுவது, வெட்டி மிஞ்சியதைக் குப்பையில் போடுவது, இவை மனதைப் புண்படுத்தும். தேவையும் இல்லை. அந்தப் படங்களில் தாமரை, மயில்தோகை, குத்துவிளக்கு, திரைச்சீலை, சரிகை ஓரம், மேகம் என்று அள்ளிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. அதையும் நகலிலிருந்து வெட்டுங்கள், படம் முழுதாக வீட்டில் இருக்கட்டும். குழு விதியாக முதலிலேயே எழுதிவைத்தால் பிறகு மனத்தாங்கல் வராது. மற்ற சமயங்களின் வேத எழுத்துக்கும் இதே மரியாதை. அரபு எழுத்து உள்ள தாளை என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வெட்டவே வேண்டாம்.

ஜெலுத்தோங்_காகிதம் | ஞாயிறு, மதியம் 1.45

எல்லாரும் சொன்னதைக் குழுவில் பகிர்ந்துவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. சந்தையில் மேசை போட்டு அச்சுப்பிரதி விற்கலாமா, மற்றவர் எடுத்த புகைப்படம் அதில் இருக்கிறதே? மேலே வார்னிஷ் அடிக்கலாமா? பரிமாற்றத்துக்கு என்ன விதி வைப்பது?

ஓரக்கிழிசல் | ஞாயிறு, மாலை 3.30

உரிமை பற்றி: நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினது. ஓவியம் போன்ற கலைப்படைப்புக்குப் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும். நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கும், பகடிக்கும் கேலிச்சித்திரத்துக்கும் இடமும் சட்டத்தில் உண்டு. ஆனால் விற்பனைக்கா, எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் சந்தையைக் கெடுக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டிவிட்டாலே நம்முடையது ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒருவர் எடுத்த படமே பலகையின் முக்கால்வாசியாக இருந்தால் அதை அச்சடித்து விற்காதீர்கள், அனுமதி கேளுங்கள். எழுத்து, விளம்பர ஓரம், நிறத்துண்டு என்று நூறு சின்னத் துண்டுகளால் ஆனது வேறு சங்கதி. தனி மனிதரின் முகம், குறிப்பாகக் கல்யாணப் பத்திரிகையிலும் மரண அறிவித்தலிலும் உள்ளது, என்றைக்கும் வேண்டாம். பெயர், தொலைபேசி எண், முகவரி உள்ள பகுதியும் அப்படியே.

பசைக்கிண்ணம் | ஞாயிறு, மாலை 4.50

வார்னிஷ்: கடைசி ஆள் முடித்த பிறகுதான். இடையில் அடித்தால் அடுத்தவர் ஒட்டும் கஞ்சி பிடிக்காது. ஸ்பிரே என்றால் நேரம் பாருங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மேலே பால் படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிடும். நம் ஊரில் நண்பகலையும் பிற்பகலையும் ஒட்டித்தான் ஈரம் குறைவு. சாயங்கால மழைக்கு முன்பும் பின்பும் தொடவே வேண்டாம். 30 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நிமிடம்.

சட்டமிட்டால் கண்ணாடி கொலாஜைத் தொடக்கூடாது, 5 மில்லிமீட்டர் இடைவெளிக் கட்டை வையுங்கள். தொட்டால் ஈரம் கோத்து மை கண்ணாடியில் ஒட்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மாட்டியே ஆக வேண்டுமென்றால் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள்.

அடுத்த சுற்றுக்குச் சாம்பல் அட்டையை விடுங்கள், பெரும்பாலும் அமிலம் உள்ளது. அமிலமற்ற மவுண்ட் அட்டை, அல்லது 300 கிராம் நீர்வண்ணத் தாள். வளைந்த 12க்கும் பின்னால் 100 கிராம் தாளைக் கஞ்சியால் ஒட்டி அழுத்துங்கள், ஒன்பது பத்தாவது நேராகும். பூஞ்சை வந்த நாலையும் அதற்கு முன் காயவைத்துத் தூரிகை போட்டிருக்க வேண்டும், ஈரக் கஞ்சியைப் பூஞ்சை மேல் மூடாதீர்கள்.

வெட்டுக்கத்தி | ஞாயிறு, இரவு 8.15

பரிமாற்ற விதி. 1925 வாக்கில் பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் தாளை மடித்து ஆளுக்கொரு பகுதி வரைந்தார்கள், பிறகு அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் தபாலிலேயே “சேர்த்து அனுப்புங்கள்” என்று சுற்றுக்கு விட்டார். அந்த மரபில் வேலை செய்கிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். கோலாஜ் (Kolaj) என்ற கொலாஜ் கலை இதழ் 2018இல் தொடங்கிய உலகக் கொலாஜ் நாள், ஒவ்வொரு மே மாதமும் இரண்டாவது சனி, உங்கள் அடுத்த சுற்றை அன்றைக்கு முடிப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பிக்கிறவர் பலகையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. முக்கியமான உருவம் ஒன்றை விட்டுவைக்க வேண்டும், எல்லாம் முடிந்துபோன பலகையில் அடுத்தவருக்கு அலங்காரம் மட்டும்தான் மிஞ்சும். பலகை மேல் ஒட்டியதன் தடிப்பு 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், தபாலில் நசுங்கும். அடுத்தவர் முந்தியவரின் துண்டை மறைக்கலாமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மறைக்கலாம், பிய்க்கக்கூடாது என்பது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒருவர் கையில் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. முடிந்த பலகையை யார் வைத்துக்கொள்வது, விற்றால் எப்படிப் பிரிப்பது என்பதும் ஒட்டுமுன் எழுத்தில் இருக்கட்டும். ஆறு பேருக்குள் வரும் சண்டை எல்லாம் அங்கேதான்.

அனுப்ப: பாலிப்ரோப்பிலீன் உறை, இரண்டு பக்கமும் அட்டை, அட்டைகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்காக, மேலே நீர்புகாத உறை. கன்னச் சோதனை முடித்துத்தான் உறை.

ஜெலுத்தோங்_காகிதம் | ஞாயிறு, இரவு 9.40

பின்பக்கத்தில் எதிர்த்தாள் ஒட்டிய பிறகு பெயர் எங்கே எழுதுவது?

மையும்_தாளும் | ஞாயிறு, இரவு 9.55

எதிர்த்தாள் மேலேயே, 2பி பென்சிலில், அழுத்தாமல். பேனா வேண்டாம், மார்க்கர் முன்னால் ஊறும். இரண்டு பேரின் பெயர், தேதி, பசை என்ன, வெட்டியது மூலமா நகலா, எந்த ஆண்டுத் தாள். எதிர்த்தாள் முழுதாகக் காய்ந்த பிறகு எழுதுங்கள், ஈரத்தாளில் பென்சில் கீறி ஓட்டை போடும்.